டிரான்சிஸ்டர் வானொலி: குறைகடத்தி செய்யும் வேலை

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் 100 கிலோவாட் திறனுடன் அது அனுப்பிய ஒலிபரப்பு காவிரிப் படுகை முழுவதும் கேட்டது. சிதம்பரம் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள் அலை பரந்து நலிந்துவிடும். வானொலிப் பெட்டியின் ஏரியல் சுருளில் அது தூண்டும் மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட்டிலிருந்து சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் எட்டு ஓம் ஒலிபெருக்கி கால் வாட் திறனில் பாட வேண்டுமென்றால் அதற்கு ஒன்றரை வோல்ட் அளவுக்குத் தேவை. லட்சம் மடங்கு இடைவெளி கொண்ட இந்த இரண்டையும் இணைப்பதே வானொலிப் பெட்டியின் வேலை. டிரான்சிஸ்டர் ரேடியோவில் அந்த வேலையைச் செய்பவை குறைகடத்தித் துண்டுகள்.

வேலை நான்கு படிகளில் நடக்கிறது. காற்றில் வரும் பல நிலையங்களின் அலைகளிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அதைப் பெருக்க வேண்டும். அலையின் மேல் ஏற்றி அனுப்பப்பட்ட பேச்சையும் பாட்டையும் இறக்கி எடுக்க வேண்டும். பிறகு அந்த ஒலிக்குறிப்பையும் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்க வேண்டும். பிரித்தெடுக்கும் வேலையை ஏரியல் சுருளும் மின்தேக்கியும் தொடங்கிவைக்கின்றன. மற்றவை டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் பொறுப்பு. இவை இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிய, முதலில் அவை எந்தப் பொருளால் ஆனவை என்று பார்க்க வேண்டும்.

கடத்தியும் குறைகடத்தியும்

செம்பில் ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய ஓர் எலெக்ட்ரானைக் கட்டவிழ்த்து விட்டிருக்கிறது. மின்னழுத்தம் கொடுத்ததும் அந்த எலெக்ட்ரான்கள் நகர்கின்றன, மின்னோட்டம் பாய்கிறது. கண்ணாடியிலும் ரப்பரிலும் எலெக்ட்ரான்கள் அணுப் பிணைப்புகளில் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் அவை மின்னோட்டத்தைக் கடத்துவதில்லை. சிலிக்கன், ஜெர்மானியம் ஆகிய தனிமங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளவை.

சிலிக்கன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் உண்டு. படிகத்தில் ஒவ்வோர் அணுவும் சுற்றியுள்ள நான்கு அணுக்களோடு இவற்றைப் பகிர்ந்து பிணைந்திருக்கிறது. அறை வெப்பநிலையில் வெப்ப அதிர்வால் சில எலெக்ட்ரான்கள் மட்டும் பிணைப்பிலிருந்து விடுபடுகின்றன. தூய சிலிக்கனில் சுமார் 3 லட்சம் கோடி அணுக்களுக்கு ஒரு கட்டற்ற எலெக்ட்ரான்தான் இருக்கும். எலெக்ட்ரான் விட்டுச் சென்ற இடம் காலியாகிறது. பக்கத்துப் பிணைப்பிலுள்ள எலெக்ட்ரான் அங்கே வந்து சேர்ந்தால் காலியிடம் பக்கத்துக்கு மாறும். இப்படி இடம் மாறும் காலியிடத்தை மின்துளை என்கிறோம். அது நேர் மின்னேற்றம் கொண்ட துகளைப் போலவே நடந்துகொள்கிறது.

தூய சிலிக்கனால் பெரிய பயன் இல்லை. அதில் வேண்டுமென்றே மிகச் சிறிதளவு வேறு தனிமத்தைக் கலப்பதுதான் குறைகடத்தித் தொழிலின் உயிர்நாடி. இதற்கு மாசூட்டல் என்று பெயர். பாஸ்பரஸ் அணுவுக்கு வெளிக்கூட்டில் ஐந்து எலெக்ட்ரான்கள். நான்கு பிணைப்பில் சேர, ஐந்தாவது எளிதில் விடுபடுகிறது. ஒரு கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு என்ற கணக்கில் கலந்தாலே, கட்டற்ற எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை தூய சிலிக்கனில் இருந்ததைப் போல மூன்று லட்சம் மடங்காக உயர்கிறது. எலெக்ட்ரான் மிகுந்த இந்தப் பொருள் என் வகைக் குறைகடத்தி. போரான் அணுவுக்கு வெளிக்கூட்டில் மூன்று எலெக்ட்ரான்களே உள்ளதால், அதைக் கலந்தால் பிணைப்பில் ஒரு காலியிடம் விழுகிறது. மின்துளை மிகுந்த இது பி வகைக் குறைகடத்தி.

டையோடு: ஒருவழிப் பாதை

ஒரே படிகத்தில் ஒரு பக்கம் பி வகையும் மறுபக்கம் என் வகையும் சேரும் இடம் பி-என் சந்தி எனப்படுகிறது. சந்தியின் இரு மருங்கிலும் எலெக்ட்ரான்களும் மின்துளைகளும் கலந்து ஒன்றையொன்று நிரப்பிவிடுவதால், அங்கே மின்னூட்டத் துகள்கள் அற்ற மெல்லிய பகுதி உருவாகிறது. மின்கலத்தின் நேர்முனையைப் பி பக்கமும் எதிர்முனையை என் பக்கமும் இணைத்தால் இந்தப் பகுதி குறுகி மின்னோட்டம் பாய்கிறது. மாற்றி இணைத்தால் பகுதி அகன்று மின்னோட்டம் நின்றுவிடுகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இந்த அமைப்பே டையோடு. முன்திசையிலும் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் தேவை. ஜெர்மானியத்துக்குச் சுமார் 0.2 வோல்ட், சிலிக்கனுக்குச் சுமார் 0.6 வோல்ட்.

படிகங்களின் இந்தப் பண்பை ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1874 இல் கண்டார். அதை மின்காந்த அலைகளை உணரப் பயன்படுத்தியவர்களில் முதன்மையானவர் ஜகதீஸ் சந்திர போஸ். கலீனா என்னும் ஈய சல்பைடு படிகத்தைக் கொண்டு அவர் அமைத்த உணர்கருவிக்கு 1901 இல் விண்ணப்பித்து 1904 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவிக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாக அது போற்றப்படுகிறது. மதராஸ் மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய காலத்தில் உலகெங்கும் எளிய வானொலிகளில் இருந்தது இத்தகைய படிகமும் அதைத் தொடும் மெல்லிய கம்பியும்தான். படிக வானொலிக்கு மின்கலமே வேண்டாம். ஆனால் அதில் பெருக்கும் உறுப்பு இல்லை. ஆகவே காதில் மாட்டும் கருவியில், அருகிலுள்ள நிலையம் மட்டுமே கேட்கும்.

டிரான்சிஸ்டர்: சிறியது பெரியதை ஆள்கிறது

பெருக்கும் குறைகடத்தி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. 1947 டிசம்பரில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் இரண்டு தங்கத் தொடுமுனைகளை மிக நெருக்கமாக வைத்து, ஒன்றில் கொடுத்த குறிப்பு மற்றொன்றில் பெரிதாகி வருவதைக் கண்டனர். அவர்களுடைய குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லி, முழுக்கப் படிகத்துக்குள்ளேயே இயங்கும் சந்தி டிரான்சிஸ்டரை வடிவமைத்தார். 1956 இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சந்தி டிரான்சிஸ்டரில் மூன்று அடுக்குகள் உள்ளன. என்-பி-என் வகையில் இரண்டு என் அடுக்குகளுக்கு நடுவே மிக மெல்லிய பி அடுக்கு இருக்கும். ஓரத்தில் இருப்பவை உமிழ்ப்பானும் ஏற்பானும். நடுவில் இருப்பது அடிவாய். அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே சிறு முன்திசை அழுத்தம் கொடுத்தால், உமிழ்ப்பானிலிருந்து எலெக்ட்ரான்கள் அடிவாய்க்குள் நுழைகின்றன. அடிவாய் மிக மெல்லியது. அதில் மாசும் குறைவு. ஆகவே நுழைந்த எலெக்ட்ரான்களில் பெரும்பாலானவை அங்கே மின்துளையைச் சந்திக்குமுன் மறுபக்கம் கடந்து, ஏற்பானின் நேர் அழுத்தத்தால் இழுக்கப்பட்டுவிடுகின்றன. நூறு எலெக்ட்ரான் கிளம்பினால் தொண்ணூற்றொன்பது ஏற்பானைச் சேர்கிறது. ஒன்றுதான் அடிவாயின் மின்னோட்டமாகக் கழிகிறது. இதனால் அடிவாய் மின்னோட்டத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு மின்னோட்டம் ஏற்பானில் பாய்கிறது. அடிவாய் மின்னோட்டம் சற்றே கூடினால் ஏற்பான் மின்னோட்டமும் அதே விகிதத்தில் கூடும், குறைந்தால் குறையும்.

வீராணம் ஏரியின் மதகில் ஒருவர் திருகைச் சற்றே சுழற்றிக் கதவை உயர்த்தினால் வாய்க்காலில் தண்ணீர் பெருக்கெடுக்கிறது. தண்ணீரைத் தள்ளுவது அவர் கையின் பலம் அல்ல, ஏரியில் தேங்கியிருக்கும் நீரின் அழுத்தம். டிரான்சிஸ்டரிலும் பெரிய மின்னோட்டத்துக்கு வேண்டிய ஆற்றலைத் தருவது பேட்டரி. வரும் குறிப்பு அதன் பாய்ச்சலை ஏற்றி இறக்குகிறது. டிரான்சிஸ்டர் ஆற்றலை உண்டாக்குவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். அடிவாய் மின்னோட்டம் 10 மைக்ரோஆம்பியர், பெருக்கம் 100. ஏற்பானில் 1 மில்லிஆம்பியர் பாயும். ஏற்பானுக்கும் பேட்டரிக்கும் இடையே 2000 ஓம் மின்தடை இருந்தால் அதன் குறுக்கே 2 வோல்ட் விழும். இப்போது வரும் குறிப்பு அடிவாய் அழுத்தத்தை 2.5 மில்லிவோல்ட் உயர்த்துகிறது என்று கொள்வோம். அடிவாய் மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியர் கூடும். ஏற்பான் மின்னோட்டம் 100 மைக்ரோஆம்பியர் கூடும். மின்தடையின் குறுக்கே 0.2 வோல்ட் கூடும். 2.5 மில்லிவோல்ட் மாற்றம் 200 மில்லிவோல்ட் மாற்றமாக வெளிவருகிறது. பெருக்கம் 80 மடங்கு. இப்படி மூன்று கட்டங்களை அடுத்தடுத்து வைத்தால் கணக்கில் ஐந்து லட்சம் மடங்கு கிடைக்கிறது. நடைமுறையில் கட்டங்களுக்கிடையே ஓரளவு இழப்பு உண்டு. அதனால்தான் ஆறு, ஏழு டிரான்சிஸ்டர் கொண்ட செட்டுகள் வழக்கத்துக்கு வந்தன.

936 கிலோஹெர்ட்ஸின் பயணம்

பழைய டிரான்சிஸ்டர் செட்டின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது, செம்புக்கம்பி சுற்றிய கறுப்புக் கோல். அது ஃபெரைட் என்னும் காந்தப் பொருளால் ஆன ஏரியல். அலையின் காந்தப் புலத்தைத் திரட்டிச் சுருளுக்குள் அது செலுத்துகிறது. கோலின் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருக்கும்போது ஒலி வலுத்துக் கேட்கும். முனை நோக்கியிருந்தால் மங்கும். சிதம்பரத்துக்குத் திருச்சி தென்மேற்கே இருக்கிறது. ஆகவே கோல் வடமேற்கு-தென்கிழக்காகக் கிடக்கும்படி செட்டைத் திருப்பி வைத்தால் திருச்சி நன்றாக எடுக்கும்.

சுருளோடு இணைந்திருப்பது நிலையம் திருப்பும் குமிழின் அடியிலுள்ள மாறு மின்தேக்கி. மெக்கானிக்குகள் இதைக் கேங் என்பார்கள். சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் ஒத்ததிரும். மத்திய அலை ஏறக்குறைய 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது மூன்று மடங்கு பரவியது. அதிர்வெண் மூன்று மடங்காக மின்தேக்குதிறன் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குமிழைத் திருப்பும்போது கேங்கின் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தும் விலகியும் இந்த மாற்றத்தைச் செய்கின்றன.

ஒரே ஒரு சுற்றால் பக்கத்து நிலையத்தை முழுமையாக விலக்க முடியாது. இந்தியாவில் மத்திய அலை நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். இதற்கு அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918 இல் கண்ட வழியே இன்றுவரை வழக்கில் இருக்கிறது. எந்த நிலையம் வந்தாலும் அதை ஒரே நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றிவிட்டு அங்கே பெருக்குவது அவருடைய முறை. மத்திய அலை செட்டுகளில் அந்த இடைநிலை அதிர்வெண் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ். முதல் டிரான்சிஸ்டர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது: தானே ஓர் அலையை இயற்றுகிறது, வரும் அலையோடு அதைக் கலக்கவும் செய்கிறது. திருச்சிக்காக 936 இல் வைக்கும்போது அது இயற்றும் அலை 1391 கிலோஹெர்ட்ஸ். இரண்டின் வித்தியாசம் 455. சென்னையின் 720 க்குத் திருப்பினால் இயற்றும் அலை 1175 ஆகிறது. புதுச்சேரியின் 1215 க்குத் திருப்பினால் 1670. வித்தியாசம் எப்போதும் 455 தான். கேங்கில் இரண்டு பகுதிகள் ஒரே அச்சில் சுழல்வதன் காரணம் இதுவே: ஒன்று ஏரியல் சுற்றை நகர்த்த, மற்றொன்று அலையியற்றியை அதே கணக்கில் நகர்த்துகிறது.

அடுத்து, சிறு தகரக் குப்பிகளுக்குள் அடைத்த ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) சுருள்கள். பலகையில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்புத் தலைகளோடு வரிசையாக நிற்பவை இவை. சிவப்பு அலையியற்றியின் சுருள். மற்ற மூன்றும் 455 க்கு ஒத்ததிரும்படி அமைத்தவை. இரண்டு டிரான்சிஸ்டர்கள் இந்தச் சுருள்களின் ஊடே குறிப்பைப் பல ஆயிரம் மடங்கு பெருக்குகின்றன. பக்கத்து நிலையம் இங்கேதான் வடிகட்டப்படுகிறது.

பிறகு டையோடு. நிலையத்திலிருந்து வரும் ஊர்தி அலையின் உயரம், பேசுபவர் குரலுக்கு ஏற்ப ஏறி இறங்கியபடி இருக்கும். அலை நேர்ப்பக்கமும் எதிர்ப்பக்கமும் சமமாக ஆடுவதால் அதன் சராசரி பூஜ்யம். டையோடு எதிர்ப்பக்கத்தை வெட்டிவிட, ஒரு சிறு மின்தேக்கி மீதியைச் சமப்படுத்த, உயரத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சுகிறது. அதுவே குரல். இந்த இடத்தில் குறைந்த அழுத்தத்திலேயே கடத்தத் தொடங்கும் ஜெர்மானிய டையோடே ஏற்றது. சிலிக்கன் டையோடு 0.6 வோல்ட் கேட்பதால் மெல்லிய குறிப்புகளை விழுங்கிவிடும். டையோடில் கிடைக்கும் சராசரி அழுத்தத்தின் ஒரு பகுதி முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் அடிவாய்க்குத் திரும்பிப் போகிறது. நிலையம் வலுவாக வந்தால் பெருக்கத்தை அது குறைக்கிறது, நலிந்தால் கூட்டுகிறது. இரவில் அலை ஏறி இறங்கி வரும்போதும் ஒலி ஓரளவு சீராகக் கேட்பது இதனால்தான்.

கடைசியில் ஒலிப் பெருக்கம். ஒரு டிரான்சிஸ்டர் முன்பெருக்கம் செய்ய, முடிவில் ஓர் இணை நிற்கிறது. ஒலி அலையின் மேல்பாதியை ஒன்றும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஒலிபெருக்கிக்குத் தள்ளுகின்றன. ஒலி இல்லாதபோது இரண்டும் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன. ஒலியைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோவதற்கும், மெல்ல வைத்தால் மாதக்கணக்கில் உழைப்பதற்கும் இந்த அமைப்பே காரணம்.

வால்விலிருந்து விடுதலை

டிரான்சிஸ்டருக்கு முன் இந்த வேலைகளை எல்லாம் வால்வுகள் செய்தன. வால்வுக்குள் இழை சூடேற வேண்டும். தகட்டுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஐந்து வால்வு செட்டு 40 வாட் அளவுக்கு மின்சாரம் உண்ணும். ஆறு வோல்ட் டிரான்சிஸ்டர் செட்டு சாதாரண ஒலியில் 25 மில்லிஆம்பியர், அதாவது 0.15 வாட்டில் பாடும். இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்தச் சிக்கனம்தான் வானொலியைச் சுவர் மின்சாரத்திலிருந்து விடுவித்தது. உலகின் முதல் வணிக டிரான்சிஸ்டர் வானொலியான ரீஜென்சி டி.ஆர்-1, 1954 இல் நான்கு ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களோடு அமெரிக்காவில் வந்தது. இந்தியாவில் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியக் குறைகடத்திகளைத் தயாரிக்கத் தொடங்கியது. ஏ.சி.127, ஏ.சி.128, பி.எஃப்.194, பி.சி.148 போன்ற எண்கள் ரேடியோ மெக்கானிக் கடைகளில் அன்றாடப் பேச்சாயின. 1980களின் நடுப்பகுதி வரை செட்டு வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமம் எடுக்க வேண்டியிருந்தும், மின்கம்பம் எட்டாத ஊர்களிலும் டிரான்சிஸ்டர் பரவியது.

தொடக்க காலச் செட்டுகளின் ஜெர்மானியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அறை வெப்பநிலையில் தூய ஜெர்மானியத்தில் இருக்கும் கட்டற்ற எலெக்ட்ரான்கள் தூய சிலிக்கனில் இருப்பதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் அதன் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிக்கும். கசிவு கூடினால் டிரான்சிஸ்டர் சூடாகும். சூடானால் கசிவு இன்னும் கூடும். கடலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் வெயிலில் கிடக்கும் செட்டு கரகரப்பதற்கு இது ஒரு காரணம். ஜெர்மானிய டிரான்சிஸ்டர் சுமார் 75 டிகிரிக்கு மேல் தாங்காது. சிலிக்கன் 150 டிகிரி வரை தாங்கும். ஆகவே சிலிக்கன் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஜெர்மானியம் டையோடு அளவோடு ஒதுங்கிவிட்டது.

அடுத்த படி, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கன் சில்லில் பதிப்பது. ஃபெர்ராண்டி நிறுவனம் 1972 இல் வெளியிட்ட இசட்.என்.414 என்ற சில்லில் பத்து டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பிறகு சோனியின் சி.எக்ஸ்.ஏ.1191 போன்ற சில்லுகள் மத்திய அலையையும் பண்பலையையும் ஒன்றாகக் கையாண்டன. இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில் தொடங்கியது. பண்பலையின் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையான உயர் அதிர்வெண்களில் பெருக்கும் வேகம், அடிவாயை மிக மெல்லியதாக அமைக்கக் கற்ற பிறகே டிரான்சிஸ்டருக்குக் கைவந்தது.

கடற்கரைக்கு ஏன் வேண்டும்

பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. தொடுவானத்தைத் தாண்டினால் மங்கிவிடும். காரைக்கால் பண்பலை சிதம்பரத்தில் கேட்கிறது. நடுக்கடலுக்குப் போகப் போக நலிகிறது. மத்திய அலை நிலத்தை ஒட்டித் தவழ்ந்து செல்லும். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது கீழேயுள்ள பரப்பு மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்பதைப் பொறுத்தது. கடல்நீர் நிலத்தைப் போலப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்துவதால் கடலின் மேல் மத்திய அலைக்கு இழப்பு மிகக் குறைவு. பரங்கிப்பேட்டை, கிள்ளை, தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களுக்கு மத்திய அலை செட்டு நெடுங்காலம் துணையாக இருந்ததன் அறிவியல் இது. இரவில் மேல்வளிமண்டல அயனி அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புவதால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களும் இந்தக் கரையில் கேட்கின்றன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் போனால் தொலைக்காட்சி நிற்கும். சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். அந்த நேரத்தில் ஒரு டிரான்சிஸ்டர் செட்டுக்கு வேண்டியது இரண்டு அல்லது நான்கு பேட்டரிக் கட்டைகள்தான். கால் வாட்டுக்கும் குறைவான செலவில் அது தொலைவிலுள்ள நிலையத்தின் வானிலை எச்சரிக்கையை எடுத்துச் சொல்லும்.

அதற்கு அந்தச் செட்டு வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் எளிதில் தேய்வதில்லை. கெடுவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ளவைதான்: உப்புக்காற்றில் பச்சை பூக்கும் பேட்டரி முனைகள், கட்டையிலிருந்து கசியும் காரம், தூசு படிந்த ஒலிக் குமிழ். ஐப்பசி பிறக்குமுன் கட்டைகளைக் கழற்றிப் பார்த்து, முனைகளைச் சுரண்டித் துடைத்து, ஒரு நிலையத்தைத் திருப்பிக் கேட்டு, கட்டைகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கடலூர்க் கரையோரத்தில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் மழைக்காலத்துக்கு முன் தவறாமல் செய்ய வேண்டிய வேலை இது.